இரும்புக் கொக்கியில் ஒரு கானாங்கெளுத்தி

ஜப்பானின் சனுகிச் சமவெளியில் பத்தாயிரத்துக்கும் மேலே குளங்கள் இருக்கின்றன. அந்தக் குளங்களில் இருக்கும் ஆமை ஓட்டு நீர்ப்பூதங்களான கப்பாக்களில் ஒன்றுகூட ததாரா யாசுமாசாவைக் கேட்காமல் பிறந்ததில்லை. முட்டைக்குள் இருந்தபடியே ஓட்டைத் தட்டி, "ததாரா-சான், மூக்கை எவ்வளவு நீட்டட்டும்? முதுகு ஓடு பச்சையா, பழுப்பா?" என்று விசாரித்து, அவர் தலையாட்டிய பிறகுதான் வெளியே வரும். ஆமையைப் படைத்த கடவுளே ததாராவின் கப்பாவைப் பார்த்து வெட்கப்பட்டு, அவரிடம் தூரிகையை இரவல் கேட்டதாகக் கேள்வி.

இப்படி ஊரெல்லாம் அளந்துகொண்டு திரிந்தவள் இபுகி. வயது பதினாறு. உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு வருஷம் போய்ப் பார்த்தாள். போனது போதும் என்று நின்றுவிட்டு, சூப்பர் மார்க்கெட்டின் மீன் பிரிவில் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். காலை ஐந்தரைக்கு வேலை. மதியத்துக்கு மேல் ஊரை வம்புக்கு இழுப்பதுதான் தொழில்.

உண்மையில் ததாரா கப்பாக்களைப் படைத்தது ஒட்டுப்பலகையில். சாலையில் வெள்ளைக் கோடு போடும் கூட்டத்தில் முப்பத்தாறு வருஷம் குனிந்தே வேலை பார்த்த மனிதர் அவர். 'நில்' என்ற எழுத்தை அந்த வட்டாரத்தில் எந்த முச்சந்தியில் பார்த்தாலும் அது அவர் கை. மழைக்காலத்தில் சாலையில் பெயின்ட் காயாது, வேலை இருக்காது. அந்த ஒன்றரை மாதமும் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பாசனச் சங்கத்துக்குப் பலகை எழுதுவார். 'ஆழம், இங்கே விளையாடாதே' என்று மேலே எழுத்து, கீழே கப்பா. நாடு முழுக்கக் குளத்தங்கரைகளில் இருக்கும் சங்கதிதான். எல்லா ஊரிலும் கப்பா பல்லைக் காட்டி, குழந்தையின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். ததாராவின் கப்பா மட்டும் யாரையும் இழுக்காது. கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் பலகையைக் கொண்டுபோன அன்றே சங்கத் தலைவர் மிசோபுச்சி முகம் சுளித்தார்.

"ததாரா-சான், இது பயமுறுத்தணும். இது என்னடான்னா ஊதோன் நூடுல்ஸ் கடைக்காரன் மாதிரி வாங்க வாங்கன்னு சிரிக்குது."

"சிரிக்கலீங்க. அதுக்குப் பசி."

"பசிச்சா அப்படியா இருக்கும்?"

"யாரும் கூப்பிடாத வீட்டுல பசிச்சா அப்படித்தான் இருக்கும்."

மிசோபுச்சிக்கு அது புரியவில்லை. ஆனால் ததாரா இனாமாக எழுதினார். இனாமாக வருகிறதை யார் வேண்டாம் என்பார்கள்? இருபத்தெட்டு வருஷத்தில் அறுபத்தொரு குளங்களில் அறுபத்தொரு கப்பாக்கள் உட்கார்ந்தன. ஒன்றின் முகம் இன்னொன்றுக்கு இல்லை.

யோகாய் என்றால் அவருக்கு உயிர். பேயும் இல்லாமல் சாமியும் இல்லாமல் நடுவில் வேலைவெட்டியின்றித் திரியும் அந்தக் கூட்டத்தை அவர் சொந்தக்காரர்களைப் போல் பேசுவார். குளியலறை கழுவாத வீட்டுக்கு நீள நாக்கோடு அழுக்கை நக்க வரும் அகானமேயைப் பற்றிச் சொல்லும்போது, "பாவம், என்ன பொழப்பு அது" என்று கண் கலங்குவார். கிழிந்த குடையை எறிய விடமாட்டார். பொருளுக்கு நூறு வயதானால் அது கண் விழிக்கும் என்பது கணக்கு. "இதுக்கு இன்னும் எழுபது வருஷம்தான் பாக்கி, அவசரப்பட்டுக் கொன்னுடாதே" என்பார். கொட்டகையில் அப்படி நாற்பது குடைகள். அவர் மனைவி ஒருநாள் நல்ல குடையாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு தகமாத்சுவில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. "அந்தக் குடைக்குப் போக்கிடம் கிடைச்சுது" என்று மட்டும் ததாரா சொன்னார்.

தனக்குப் பிடித்ததை அடுத்தவருக்கும் பிடிக்க வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. தபால்காரரை நிறுத்தி வைத்துச் சொல்வார். எரிவாயு மீட்டர் பார்க்க வந்தவர் ஒருவர் ததாரா வீட்டுக்கு மட்டும் இரண்டு வருஷம் ஊகித்து எண் எழுதிக்கொண்டு போனார். பெரியவர்கள் ஓடினார்கள், குழந்தைகள் ஓடவில்லை. மழை நாளில் கொட்டகை நிறைந்துவிடும். அதில் பல்லில்லாத காலத்திலிருந்து வந்து போனவள் இபுகி. ஆனால் அவள் ஒரு கதையையும் பாதிக்கு மேல் கேட்டதில்லை. பாதியிலேயே யாருடைய செருப்பிலாவது தவளையை விட எழுந்து போய்விடுவாள்.

"மீதிக் கதையக் கேக்காமப் போறியே, என்னைக்காவது மாட்டுவே" என்பார் ததாரா.

"மீதியத்தான் நானே செஞ்சு காட்டுறேனே மாமா" என்பாள் இபுகி, வாசலில் எவனோ அலறும் சத்தத்துக்கு நடுவே.

இந்த வருஷம் மழைக்காலத்தில் கொட்டகைக்குப் புதிதாக வந்தவன் சோமா. ஆறு வயது. முதல் வகுப்பு. முதுகைவிடப் பெரிய பள்ளிப் பை. இபுகியின் தெருவில் நாலாவது வீடு. அவன் அம்மா சயோரிக்கு மருந்துக்கடையில் வேலை, வர ஆறரை ஆகும். அதுவரை அவன் இபுகிக்கு வால்.

"இபுகி அக்கா, நான் குனிஞ்சு வணக்கம் சொன்னா கப்பாவும் குனியுமா?"

"குனியும். அதுக்கு மரியாதை தெரியும். உனக்குத்தான் தெரியாது."

"குனிஞ்சா அது தலையில இருக்குற தட்டுலேர்ந்து தண்ணி கொட்டிடுமே?"

"கொட்டினா அதோட பலமெல்லாம் போயிடும். நீ ஜெயிச்சுட்டே."

சோமா யோசித்தான். "அப்ப நான் குனிய மாட்டேன். பாவம்."

ததாரா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்த ஆள் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது போல இருந்தது அவர் முகம்.

"நெஜமாவே இருக்கா அக்கா?" என்பது சோமாவின் தினசரிக் கேள்வி. இருக்கு என்றால் நம்பமாட்டான், இல்லை என்றால் அழுவான். இபுகிக்கு ஒரு யோசனை வந்தது. அவளுக்கு யோசனை வந்தால் ஊரில் யாருக்காவது கெட்ட நேரம் என்று அர்த்தம். இந்தத் தடவை அவள் நல்லது செய்யத்தான் நினைத்தாள். மீன் பிரிவில் போடும் தடித்த இளஞ்சிவப்பு ரப்பர் கையுறையில் ஒன்றை எடுத்தாள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் உள்ளே மடித்துக் கட்டி, மணலை அடைத்தாள். மூன்று விரல் பாதம் தயார். சனிக்கிழமை விடியலில் ஒகுனோ குளத்துக்குப் போய், கரைச் சேற்றில் பலகையின் அடியிலிருந்து தண்ணீர் வரைக்கும் பதினோரு அடிகள் பதித்தாள். மதியம் சோமாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

அவன் கத்தவில்லை, குதிக்கவில்லை. ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எண்ணினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "இதுக்குப் பசிக்குது அக்கா. மாமா சொன்னாரே."

ஞாயிற்றுக்கிழமை சயோரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், குளிர்பெட்டியிலிருந்து கப்பாவுக்குப் பிடித்த வெள்ளரிக்காய் ஒன்றை எடுத்துக்கொண்டு சோமா தனியாகப் போனான்.

நாற்று நடும் மாதம், குளம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஊரே தேடியது. முதலில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் ததாரா. வெள்ளரிக்காய் மிதந்துகொண்டிருந்தது. தீயணைப்புப் படை சாயங்காலம் நாலு மணிக்குச் சோமாவை எடுத்தது.

இபுகி ஓடிப்போய்க் கூட்டத்தை விலக்கிச் சேற்றைப் பார்த்தாள். தடம் ஒன்றும் இல்லை. தேடினவர்களின் பூட்ஸ் மிதித்திருக்கும் என்று நினைத்தாள். ஐயோ என்று இருந்தது. அதே நேரத்தில் அப்பாடா என்றும் இருந்தது. அந்த அப்பாடாவை அதற்குப் பிறகு அவளால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அப்பவே சொன்னேன், வாங்க வாங்கன்னு கூப்பிடுதுன்னு" என்றார் மிசோபுச்சி, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும்.

இறுதிச் சடங்கில் ததாரா பழைய கறுப்புக் கோட்டோடு வந்தார். சயோரி முன்னால் குனிந்தார். காகிதம் போல் வெளுத்திருந்தது சயோரியின் முகம். அவர் நிமிரப் போனபோது அவள் மெல்லிய குரலில் சொன்னாள்:

"ததாரா-சான், தயவுசெஞ்சு தலையத் தூக்காதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா அந்தப் பலகைதான் தெரியுது."

அவர் தூக்கவில்லை. ஊதுபத்தி ஒன்று எரிந்து முடிகிற வரை அப்படியே நின்றார். வரிசை அவரைச் சுற்றி நகர்ந்தது. வரிசையில் இரண்டு பேருக்குப் பின்னால் நின்றிருந்த இபுகி பார்த்தாள். அந்த மனிதரின் தலையில் இருந்ததெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் கொட்டுவது அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் போதும். 'அது பலகை இல்ல, நான்' என்று நாலே வார்த்தை. ஊரில் எவனையும் பேசியே அழ வைக்கக்கூடிய அந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

மறுவாரம் ததாரா பலகைகளை வெள்ளையடிக்கத் தொடங்கினார். சங்கம் கேட்கவில்லை, அவராகவே செய்தார். சாலைக்குப் போடும் அதே வெள்ளை. கைவண்டியில் டப்பாவை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு குளம், மூன்று குளம். முதலில் காலை மறைப்பார், பிறகு முதுகு ஓட்டை. முகத்தைக் கடைசியில் மறைப்பார், அப்போது கண்ணை மூடிக்கொள்வார். கொட்டகையைப் பூட்டினார். நாற்பது குடைகளையும் குப்பை வண்டிக்குப் போட்டார். தபால்காரர் தானாகவே நின்று, "இன்னைக்கு ஒண்ணும் கதை இல்லையா ததாரா-சான்?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பொய்ங்க" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டே வந்த இபுகி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை நடுவில் ஒரு சாயங்காலம் அவள் ஒகுனோ குளத்து வழியாகச் சைக்கிளில் வந்தாள். வெள்ளையடிக்காமல் அந்த ஒரு பலகைதான் மிச்சம் இருந்தது. அதன் அடியில் ததாரா நின்றிருந்தார். வெறுங்கால். காலணிகள் பக்கத்தில் இருந்தன, இரண்டும் ஒட்டி, நேராக, வீட்டு வாசலில் வைப்பதுபோல. எங்கள் பக்கத்தில் தண்ணீர்க் கரையில், இனித் திரும்பாதவர்கள்போலக் காலணியை அப்படி வைத்துவிட்டு நிற்கிறவரைப் பார்த்தால் யாரும் பேசாமல் தாண்டிப் போகமாட்டார்கள்.

இபுகி சைக்கிளிலிருந்து குதித்தாள். வாய்க்கு மட்டும் பழைய பழக்கம்.

"மாமா! ஷூவ அங்க வைக்காதீங்க, நான் தூக்கிட்டுப் போயி வித்துடுவேன்!"

அவர் திரும்பினார். அவளை அடையாளம் தெரிய நேரம் ஆனது.

"ரெண்டு சைஸ் பெருசா இருக்கும் உனக்கு."

"போட்டுக்குறதுக்கா? தவளை வளக்குறதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் காலணியைப் போட்டுக்கொண்டார். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வீட்டு முனை வரைக்கும் என்னத்தையோ உளறிக்கொண்டே வந்தாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்றிரவு அவள், ததாராவிடம் இதுவரை கேட்ட அரைக் கதைகளையெல்லாம் தோண்டினாள். ஒன்று அகப்பட்டது. கப்பா யார்மேலாவது அன்பு வைத்தால், தினமும் விடியலில் அந்த வீட்டு வாசல் கொக்கியில் மீனை மாட்டிவிட்டுப் போகும். ததாரா வீட்டு வாசலில், மழைக்கோட்டு மாட்ட ஒரு மூங்கில் கொக்கி இருந்தது. கப்பாவுக்கு அவர்மேல் கோபம் இல்லை என்று தெரிந்தால் போதும். கப்பாக்கள் நிஜம் என்று தெரிந்தால் இன்னும் நல்லது. நிஜமான ஒன்றை யாரும் வெள்ளையடிக்க மாட்டார்கள். காலணியையும் கழற்ற மாட்டார்கள். உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு எல்லாவற்றையும் செய்யத் தயாராக இருக்கிறவர்களுக்கு இந்த மாதிரி யோசனைதான் வரும்.

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போகும் வழியில், முந்தின நாள் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி எடுத்து வைத்திருந்த கானாங்கெளுத்தி ஒன்றை வைக்கோல் கயிற்றில் கோத்து மூங்கில் கொக்கியில் மாட்டிவிட்டு ஓடினாள். வாசற்கல்லில் தண்ணீரும் தெளித்துவிட்டுப் போனாள். தடம் மட்டும் வைக்கவில்லை. அந்தக் கையுறையின் ஜோடியைத் தொடவே அவளுக்குப் பிடிக்கவில்லை. வேலைக்கு வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மீன் இருந்த இடத்தில் ஒரு வெள்ளரிக்காய் தொங்கியது. இபுகி சைக்கிளிலேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு அதை எடுத்து மென்றுகொண்டே வேலைக்குப் போனாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் கொட்டகைக் கதவு கால்வாசி திறந்திருந்தது. உள்ளே அவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, மறுபடியும் கடை திறந்தாச்சா?"

"தூரிகை காஞ்சு போச்சு. அது என்ன பண்ணும், பாவம்."

பாவம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. இபுகி வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இரண்டு கையையும் விட்டுச் சைக்கிள் ஓட்டினாள்.

எட்டாம் நாள் வெளிச்சம் வந்துகொண்டிருந்தபோது அவள் மீனை மாட்டினாள். மாட்டும்போது 'டிங்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அதை அவள் கவனிக்கவில்லை. தண்ணீர் தெளிக்கக் குனிந்தபோது கதவு திறந்தது. ததாரா வாசற்படிக்கு உள்ளே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரமாக உட்கார்ந்திருப்பார் போல.

"மீதிக் கதையக் கேட்டிருக்கணும் நீ" என்றார்.

"எந்தக் கதை?"

"ஒருநாள் அந்த வீட்டுக்காரன் மரக் கொக்கிய எடுத்துட்டு இரும்புக் கொக்கி அடிச்சான். கப்பாவுக்கு இரும்புன்னா ஆகாது. அன்னைக்கோட மீன் நின்னு போச்சு. அதான் மீதி."

இபுகி நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தாள். புத்தம் புதுசு. இரும்பு. அதில் அவளுடைய மீன் ஒய்யாரமாக ஆடிக்கொண்டிருந்தது.

"அதுவும் போகட்டும்" என்றார் ததாரா. "நம்ம குளத்துக் கப்பா தினமும் கடலுக்குப் போயி கானாங்கெளுத்தி பிடிச்சுட்டு வருதாக்கும்? பஸ்லயா போவுது?"

"சரி, நான்தான்! ஏழு நாளு முள்ளோட தின்னீங்கல்ல? நன்றி சொல்லுங்க!" அவள் சர்க்கஸ்காரி மாதிரி கையை விரித்து, இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். குனிந்தபடியே காத்திருந்தாள்.

"நான் திரும்பக் குனிய மாட்டேன்" என்றார் அவர். "தட்டுல மிச்சம் இருக்குறது கொஞ்சம்தான்."

இபுகி நிமிரவில்லை. நிமிர்ந்தால் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"வேலைக்கு நேரமாச்சு மாமா" என்று வாசற்கல்லிடம் சொன்னாள்.

"போ. ஆனா இதக் கேட்டுட்டுப் போ, பாதியில ஓடாதே." அவர் குரல் உயரவில்லை. "அன்னைக்கு அங்க மொதல்ல போனது நான். போலீஸ் வர்றதுக்கு முன்னாடி அந்தச் சேத்த நான்தான் காலால தேய்ச்சு விட்டேன். பதினோரு தடம்."

தெருவில் முதல் பால் வண்டி போயிற்று.

"ஏன்?" என்றாள் இபுகி.

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். நீ மீன் கொண்டு வந்தே." அவர் கையை நீட்டி இரும்புக் கொக்கியிலிருந்து மீனை எடுத்தார். "சயோரி-சானுக்குக் கதையில பாதிதான் தெரியும். என் பாதி. அத வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு எப்படி உசுரோட இருக்கும்?"

"மாமா, நான் அவனுக்கு... அவன் கேட்டான்னுதான்..."

"தெரியும். எத்தன வருஷமா கப்பாவையே பாத்துட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?" ததாரா அவள் கையைப் பார்த்தார். அவசரத்தில் கடைக்குப் போய்ப் போட வேண்டியதை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தடித்த இளஞ்சிவப்பு ரப்பர். உள்ளங்கை முழுக்க, மீன் வழுக்காமல் இருக்க, வைரம் வைரமாகச் சின்னப் புள்ளிகள்.

"கப்பா காலுக்கு அந்தப் புள்ளி கிடையாது, இபுகி."